பெண்கள் வாக்குரிமை: மாணவர்கள் அமைக்கும் கண்காட்சி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தை மாணவர்களே அமைக்கும் கண்காட்சி மூலம் எப்படிக் கற்பிக்கலாம் என்று பார்ப்போம்.

"ஒரு தலைவரைப் பற்றி அட்டை தயாரித்து வா" என்றால் சுவர் முழுக்க வாக்குரிமைத் தலைவர்களில் மிகப் பிரபலமான சூசன் பி. அந்தோணிதான் தொங்குவார். ஆளைக் கொடுக்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள். 1848-இல் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸில் நடந்த பெண்கள் உரிமை மாநாட்டில் கேட்ட வாக்குரிமை, அரசியலமைப்பின் 19-ஆம் திருத்தமாக வர 1920 வரை ஏன் இழுத்தது? நாலு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் இதிலிருந்து ஒரு துணைக்கேள்வி, ஒரு மூல ஆவணம், செய்து வைக்க ஒரு காட்சிப் பொருள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் அக்காலப் புகைப்படங்கள் ஏராளம்.

பொருள் செய்யும்போதுதான் சறுக்கல் வரும். வாக்குரிமைக்குப் போராடிய அமெரிக்காவின் தேசிய பெண்கள் கட்சிக்கு ஊதா, வெள்ளை, பொன்னிறம். பிள்ளைகளோ இணையத்தில் தேடி ஊதா, வெள்ளை, பச்சையில் தோள்பட்டி தைத்துவிடுவார்கள். அது இங்கிலாந்தில் வாக்குரிமைக்குப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அணியினரின் நிறம். துணி வெட்டும் முன் எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

பாடம் உண்மையில் நடப்பது விளக்க அட்டையில். அறுபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது; நின்றுகொண்டு யாரும் அதற்கு மேல் படிப்பதில்லை. முதல் வரி பார்வையாளரின் கண்ணைப் பொருளுக்கு இழுக்க வேண்டும். 1917-இல் வெள்ளை மாளிகை வாசலில் பெண்கள் பிடித்த பதாகை என்றால், அதைப் பிடித்தவர் பிறந்த ஊரில் தொடங்காமல், "இது யாரிடம் பேசுகிறது?" என்று தொடங்கலாம். குறைந்தது மூன்று முறையாவது திருத்தி எழுதட்டும். முதல் வரைவு பெரும்பாலும் இணையத்தில் இருந்து அப்படியே எடுத்ததாகத்தான் இருக்கும்.

எதிர்த்தவர்களுக்கும் ஒரு மேசை கட்டாயம். 1911-இல் வாக்குரிமைக்கு எதிராகத் தேசியச் சங்கம் தொடங்கிய ஜோசஃபின் டாட்ஜ் ஒரு பெண் என்பதே மாணவர்களை யோசிக்க வைக்கும். இயக்கத்தின் உள்விரிசலையும் மறைக்க வேண்டாம். 1913 மார்ச் 3 வாஷிங்டன் ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்களைப் பின்வரிசையில் வரச் சொன்னபோது, கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அதை ஏற்காமல் தம் இலினாய் மாநில அணியோடுதான் நடந்தார்.

கடைசிச் சுவரை 1920-இல் முடித்துவிடாதீர்கள். தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பலரும் வாக்களிக்க 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருந்தார்கள். அதற்கு இரண்டு மீட்டர் இடமாவது ஒதுக்குங்கள்.