ஒப்பு போடும் முன்

வணக்கம். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து கேட்கும் நேயர்களுக்கும், மலைமேலே மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளிலிருந்து கேட்கும் நேயர்களுக்கும் வணக்கம். போலீஸ் ஸ்டேஷனில் நமக்குள்ள உரிமைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அது பெரிய சமுத்திரம். இன்றைக்கு அதில் ஒரே ஒரு துறையில் இறங்கலாம். படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவது பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம்மில் மலையாளம் பேசத் தெரியாதவர் அநேகமாகக் கிடையாது. சந்தையில் பேசுகிறோம், பால் சொசைட்டியில் பேசுகிறோம், வில்லேஜ் ஆபீசில் பேசுகிறோம். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களில் எத்தனை பேருக்கு மலையாள எழுத்தைக் கூட்டிப் படிக்க வரும்? பஸ் போர்டு வரை வரும். நெருக்கி எழுதிய நாலு பக்கக் காகிதம் வராது. பேச வருவது வேறு, படிக்க வருவது வேறு. ஸ்டேஷனில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ‘நிங்கள்க்கு மலையாளம் அறியாமல்லோ’, அதாவது உங்களுக்கு மலையாளம் தெரியுமே, என்பார்கள். நாமும் தலையாட்டிவிடுகிறோம். அந்தத் தலையாட்டலில்தான் பாதி வழக்கு கைவிட்டுப் போகிறது.

தெலுங்கு நாட்டு எல்லையில், நகரி, புத்தூர், குப்பம் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கும் இதே பாடுதான். ஆனால் அங்கே தெலுங்கைக் கேட்டதுமே, இது வேறு பாஷை, ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று மனசு சொல்லிவிடும். மலையாளம் அப்படியில்லை. அதே சொல் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும், பொருள் மட்டும் மாறியிருக்கும். காதில் விழுந்ததும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

கொஞ்சம் சொற்களைப் பார்ப்போம். ‘பிரதி’. தமிழில் பிரதி என்றால் நகல். பத்திரத்தின் பிரதி, ரேஷன் கார்டின் பிரதி. மலையாளத்தில் பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். ‘ஒன்னாம் பிரதி’ என்று உங்கள் பையன் பெயரைப் படித்தால், அவன் பெயர் முதல் நகலில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வழக்கில் முதல் குற்றவாளியாக அவனைச் சேர்த்திருக்கிறார்கள். அடுத்து ‘மொழி’. நமக்கு அது பாஷை. அவர்களுக்கு அது வாக்குமூலம். ‘மொழி எடுக்கணும்’ என்று கூப்பிட்டால், நீங்கள் சொல்லப்போவதை எழுதி வழக்குக் கட்டில் வைக்கப்போகிறார்கள்.

‘தெளிவு’. நமக்கு விளக்கம், சந்தேகம் தீர்வது. மலையாளத்தில் தெளிவு என்றால் சாட்சியம், ஆதாரம். ‘தெளிவெடுப்பு’க்குக் கூட்டிப்போகிறோம் என்றால், ஏதோ விளக்கம் கேட்கப் போகிறார்கள் என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சம்பவ இடத்துக்குக் கொண்டுபோய் ஆதாரம் திரட்டப்போகிறார்கள். வக்கீலுக்கு அந்த நிமிஷமே போன் போட வேண்டிய கட்டம் அது. ‘விசாரண’ என்பதும் இப்படித்தான். தமிழில் போலீஸ் கூப்பிட்டுக் கேட்பதே விசாரணை. மலையாளத்தில் அது கோர்ட்டில் நடக்கும் வழக்கு நடப்பு. போலீஸ் செய்வதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அன்வேஷணம்.

கடைசியாக ‘ஒப்பு’. மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து, அவ்வளவுதான். ஆனால் நம் பாஷையில் ஒப்புவது என்றால் சம்மதிப்பது, குற்றத்தை ஒப்புக்கொள்வது. எழுதியிருப்பது என்னவென்று தெரியாமல் ஒப்பு போட்டால், மலையாளச் சொல் மெள்ளத் தமிழ்ச் சொல்லாக மாறிவிடுகிறது. ‘நான்தான் கையெழுத்துப் போட்டேனே’ என்று பின்னால் நாமே சொல்லிக்கொண்டு நிற்போம்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. 1962-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஹரிகிஷன் என்பவரை மகாராஷ்டிரத்தில் தடுப்புக் காவலில், அதாவது வழக்கு நடத்தாமலே முன்கூட்டி, பிடித்து வைத்தார்கள். காரணங்களை இங்கிலீஷில் அடித்துக் கையில் கொடுத்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தியில் கொடுங்கள் என்று அவர் கேட்டார். கொடுக்க மறுத்தார்கள். போலீஸ் அதிகாரி வாய்மொழியாக இந்தியில் விளக்கிவிட்டார், அது போதும் என்றார்கள். இங்கிலீஷ்தான் ஆட்சிமொழி என்றும் சொன்னார்கள். சுப்ரீம் கோர்ட் இரண்டையும் ஏற்கவில்லை. காரணத்தைத் ‘தெரிவிப்பது’ என்று அரசியல் சாசனம் சொன்னால், அந்த ஆளின் மனசில் போய்ச் சேரும்படி தெரிவிக்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில், புரியும் எழுத்தில் மொழிபெயர்ப்பு கையில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது என்று சொல்லி விடுதலை செய்தது. நேயர்களே, அங்கே ‘எழுத்து’ என்ற சொல்லும் இருக்கிறது. நமக்குப் பேச வருகிறது, படிக்க வரவில்லை என்று சொன்னோமே, அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு வேண்டாம்.

அது தடுப்புக் காவல் வழக்கு, சாதாரண வழக்குக்குப் பொருந்தாது என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். அதற்கும் இப்போது பதில் வந்துவிட்டது. 2025 நவம்பர் 6-ஆம் தேதி, மிகிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்க முடியாத நிலைமை என்றால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது காகிதம் கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்தக் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். மலையாளத்தில் எழுதிய காகிதத்தை, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் கையில் திணிப்பது கொடுத்ததாக ஆகாது.

சரி, நேரில் என்ன செய்ய வேண்டும்? மெதுவாகச் சொல்கிறேன், பக்கத்தில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தை நீட்டியதும், ‘இது என்ன காகிதம்?’ என்று கேளுங்கள். கைதைக் குறிக்கும் அரெஸ்ட் மெமோவா, கைப்பற்றிய பொருளைச் சாட்சி வைத்து எழுதும் மஹசரா, உங்கள் புகாரா, நோட்டீசா? பெயர் தெரியாத காகிதத்தைத் தொடாதீர்கள். வெற்றுக் காகிதம் என்றால் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பாதி எழுதி மீதி வெறுமையாக இருந்தால், எழுத்து முடிகிற இடத்துக்கு ஒட்டியே உங்கள் பெயர் விழ வேண்டும்.

அடுத்து, ‘தமிழில் வாசித்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நீங்கள் கொடுத்த புகாராக இருந்தால், எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவே சொல்கிறது. நகலும் இலவசமாகத் தர வேண்டும்.

வாசித்துக் காட்ட மாட்டேன் என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். கையெழுத்தே போடமாட்டேன் என்று அடம்பிடிப்பதால் புதிதாக ஒரு தலைவலிதான் வரும். கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்: ‘இது மலையாளத்தில் உள்ளது. எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை.’ அதன் கீழே தமிழிலேயே கையெழுத்து, தேதி, மணி. மணியை விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு வரியை எழுத விடவில்லை என்றால், மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்றதும் முதல் பேச்சாக அதைச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்க்க ஆள் கேட்கலாம். அடி விழுந்திருந்தால் அதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். ரிமாண்ட் முடிந்து ஜெயில் வாசலில் நினைத்துப் பயனில்லை.

விசாரணையின்போது போலீசிடம் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. அதே புதிய சட்டத்தின் 181-ஆம் பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதாக எழுதியதை உங்களுக்கு எதிரான சாட்சியமாக வைக்கவும் முடியாது. ஆகவே ‘மொழி’யில் ‘ஒப்பு’ கேட்டால், கேட்பதே தப்பு.

அரெஸ்ட் மெமோ வேறு. அதில் கைதானவர் கையெழுத்து உண்டு. ஆனால் குடும்பத்தில் ஒருவராவது, ஊரில் மரியாதைப்பட்ட ஒருவராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தச் சாட்சியாக நீங்கள் நின்றால், தேதியையும் மணியையும் மட்டும் கண்ணை விரித்துப் பாருங்கள். எண் எல்லா மொழியிலும் ஒன்றுதான். காலை 10 மணிக்குக் கூட்டிப் போனவரை ராத்திரி 8 மணிக்குக் கைது செய்ததாக எழுதியிருந்தால், 24 மணி நேரக் கணக்கில் 10 மணி நேரம் திருடு போயிற்று. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு கைது நேரத்திலிருந்துதானே ஓடுகிறது.

மஹசர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செக்போஸ்ட் ஊர்களில் இதுதான் அதிகம். கடத்தல் ரேஷன் அரிசி பிடிபடும், ஸ்பிரிட் பிடிபடும். டீக்கடையில் நிற்கிறவரைக் கூப்பிட்டு ‘ஒரு ஒப்பு’ என்பார்கள். இவரும் உபகாரமாகப் போட்டுவிட்டு வருவார். மூன்று வருஷம் கழித்துச் சம்மன் வரும். கூண்டில் ஏறினால், 14 மூட்டையை நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா, லாரியிலிருந்து இறக்குவதைப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். பார்க்கவில்லை என்றால் பிறழ்சாட்சி என்று பெயர். குற்றவாளியும் தப்பிப்பான், நிரபராதி மாட்டியிருந்தால் அவனுக்கும் உங்கள் ஒப்பு உதவாது. இப்போது சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வீடியோ ஓடும்போதே, ‘எண்ணிக் காட்டுங்கள், தமிழில் வாசியுங்கள்’ என்று சத்தமாகக் கேளுங்கள். உங்கள் குரல் பதிவாகட்டும்.

இந்த இடத்தில் நம் அரசியல் கட்சிக்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஓட்டுக் கேட்கிற நோட்டீஸ் தமிழில் வருகிறது. மொழிச் சிறுபான்மை வார்டுகளில் ஓட்டுச் சீட்டில் பெயரும் தமிழில் வருகிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்தலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லிருந்தே சொல்கிறது. எல்லாம் இருந்தும், ஆள் மாட்டினால் வார்டு மெம்பர் எஸ்.ஐ.க்குப் போன் போட்டு ‘விட்டுவிடுங்கள் சாரே’ என்கிறார். போன் போட ஆள் இல்லாதவன் உள்ளேயே இருக்கிறான். ஸ்டேஷனில் தமிழில் அச்சடித்த அரெஸ்ட் மெமோ பாரம் வேண்டும், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் டியூட்டியில் வேண்டும் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாமே. ஒருவரை விடுவிக்கப் போடுகிற போனைவிட அது நூறு பேருக்கு உதவும்.

நேரம் ஓடிவிட்டது, கை காட்டுகிறார்கள். வெளிமாநிலப் போலீஸ் வந்து பிடிப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மப்டியில் வந்து வண்டியில் ஏற்றினால், பெயர், ஸ்டேஷன், குற்ற எண் மூன்றையும் கேட்டு, உடனே உள்ளூர் ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்கள். குடும்பம் வேறு மாவட்டத்தில் இருந்தால், கைதான 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அங்குள்ள சட்ட உதவி மையம், ஸ்டேஷன் வழியாகக் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

புகார் எங்கே கொடுப்பது? கேரளத்தில் மாவட்டந்தோறும் போலீஸ் புகார் ஆணையம் உண்டு, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர்; டி.எஸ்.பி. வரையுள்ளவர்கள் மீது அங்கே கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரே தலைவர். போலீசை நடத்துகிற துறையே போலீஸ் மீதான புகாரையும் கேட்பது சரியில்லை. புகாரைத் தமிழிலேயே எழுதலாம், அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே புகாரில் கேளுங்கள். நாள் தள்ளாதீர்கள். 2020-இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்ட்ரேட் தன் அறிக்கையில் எழுதினார்.

காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100. இன்னொரு முறை, 1 5 1 0 0. வணக்கம்.