மணலுக்கு அடியில் ஒரு நீலக் கோடு

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வந்திருக்கும் வேலூர் மக்களே, வணக்கம்.

இளையோருக்கான அறிவியல், வரலாற்று நூல்களில் படங்கள் அறிவை வளர்க்கின்றனவா, கற்பனையை முடக்குகின்றனவா என்பது இன்றைய தலைப்பு. வளர்க்கின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒன்று சொன்னார். எழுத்தைப் படிக்கும் பிள்ளை தானே மனத்துக்குள் வரைந்துகொள்கிறது, நாம் வரைந்து கொடுத்தால் அந்த வேலை நின்றுபோகிறது என்றார். கதைக்கு அது பொருந்தும். பாட்டி கதையில் வரும் ராட்சசனை ஒவ்வொரு பிள்ளையும் தன் பயத்துக்குத் தக்கபடி வரைந்துகொள்ளட்டும். ஆனால் உண்மையில் நடந்ததை, உண்மையில் இருப்பதைச் சொல்லும்போது அப்படி விட்டுவிட முடியாது.

நம் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10, பொழுது விடியும் முன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை ஒரு காரணம் என்று பாடத்தில் வருகிறது. நான் அதை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு குரல் கேட்கும்: "ஒரு தலைப்பாகைக்காகவா சார் இவ்வளவும்?"

ஒருமுறை அந்தத் தலைப்பாகையைப் பிள்ளைகளையே வரையச் சொன்னேன். பாதிப் பேர் சினிமா ராஜாவின் தலைப்பாகையை வரைந்தார்கள். அவர்கள் மேல் தவறில்லை, கண்டது அதைத்தான். அப்புறம் நான் கரும்பலகையில் இரண்டு முகங்கள் வரைந்தேன். ஒன்றுக்கு நெற்றியில் திருநீறு, காதில் கடுக்கன். இன்னொன்றுக்கு தாடி. பிறகு, "மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது" என்று சொல்லித் திருநீற்றை அழித்தேன். கடுக்கனை அழித்தேன். பக்கத்து முகத்தில் தாடியை அழித்தேன். மீசையைக் குறைத்தேன். இரண்டு தலையிலும் ஐரோப்பியத் தொப்பியின் சாயலில் ஒரு தலைப்பாகையை வைத்து, தோலில் செய்த குஞ்சத்தைச் செருகினேன். வகுப்பில் சத்தமே இல்லை. அந்த வருடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, நடுவர் அவர்களே. எழுதுகிறவர் 'புதிய தலைப்பாகை' என்று இரண்டு சொல்லில் கடந்துபோய்விடலாம். வரைகிறவரால் முடியாது. குஞ்சம் எந்தப் பக்கம் இருந்தது? சட்டைக்கு என்ன நிறம்? அகழிக்கும் மதிலுக்கும் நடுவே எவ்வளவு இடம்? ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் தேடியாக வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், பழைய ஓவியங்களைப் பார்க்க வேண்டும், தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும். இந்தத் தேடல் இல்லாமல், பக்கத்தை நிரப்ப எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படங்களை எதிரணி குறை சொன்னால் நானும் சேர்ந்து சொல்வேன். அவற்றுக்காக நான் இங்கே நிற்கவில்லை.

சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம், 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று அங்கே காத்திருந்தார்கள். மறைக்கும் நேரம் வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கியது. அதே இரவில் அமெரிக்க வானியலாளர்கள் விமானத்தில் பறந்தபடி பார்த்தபோதும் ஒளி விட்டுவிட்டு மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. வளையத்தை அன்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை, ஒளி குறைந்ததைத்தான் பார்த்தார்கள். இதைச் சொல்லால் விளக்கி நான் பலமுறை தோற்றிருக்கிறேன். நடுவில் ஒரு கோள், சுற்றிலும் வளையங்கள், பின்னால் நகரும் ஒரு புள்ளி, கீழே ஆங்காங்கே பள்ளம் விழும் ஒரு கோடு. இவ்வளவு வரைந்தால் போதும், ஆறாம் வகுப்புப் பிள்ளை அடுத்த பிள்ளைக்கு விளக்குகிறது.

செலவைப் பற்றியும் பேசினார்கள். படம் போட்டால் விலை ஏறும், உண்மைதான். ஆனாலும் இன்றைய அச்சு வசதிகள் இல்லாத நாளில், 1968 முதல் 1976 வரை, பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் படங்களோடு ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. அன்று முடிந்திருக்கிறது.

கடைசியாக, கற்பனை முடங்குகிறது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நீரில்லா ஆறு என்று நம் பாலாற்றைச் சொல்வார்கள். பாலத்தில் போகும் பிள்ளைக்குத் தெரிவது மணல்தான். ஆற்றின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை ஒரு நாள் பலகையில் வரைந்தேன். மேலே மணல், அடியில் பாறை, இரண்டுக்கும் நடுவில் நீல சாக்பீஸில் ஒரு கோடு. மணலுக்குள்ளே நீர் ஓடுகிறது, ஊற்றுக்கால் தோண்டி நம் முன்னோர் வயலுக்குப் பாய்ச்சியது இந்த நீரைத்தான் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்து, பலகையில் இருந்த மணலைக் கையால் பாதி அழித்தாள். "இவ்வளவு மணலையும் எடுத்துட்டா இந்த நீலக் கோடு எங்க சார் போகும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி பாடத்தில் இல்லை, நடுவர் அவர்களே. நீலக் கோட்டைப் பார்த்த பிறகுதான் வந்தது. தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி.