தாமதம் தானாக வரவில்லை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம்.

"பருவநிலை நடவடிக்கை இவ்வளவு தாமதமாவதற்குப் பெரிதும் காரணம் நம்முடைய வசதி மோகமா, எண்ணெய் நிறுவனங்களின் அரசியல் செல்வாக்கா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி, "தெருமுனையில் பால் வாங்கவே பைக்கை எடுக்கிறோம். வண்டி வாங்கியது நாம், பெட்ரோல் போட்டது நாம். கம்பெனியை ஏன் திட்ட வேண்டும்?" என்று கேட்டார். நல்ல கைதட்டல் விழுந்தது. அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ஆனால் அதை முதலில் நம் காதில் போட்டது யார் என்று பாருங்கள்.

2000களின் தொடக்கத்தில் பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் பெரிய விளம்பரம் செய்தது. உங்கள் வீடு எவ்வளவு கார்பன் வெளியிடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டது. தன் கிணறுகளிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் பேச வேண்டிய நிறுவனம், பேச்சை நம் அடுப்படிக்குத் திருப்பிவிட்டது. அண்ணாச்சி மனதார நம்பித்தான் பேசினார். அவரையே நம்பவைத்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

இனி ஆதாரத்துக்கு வருகிறேன். 1977இல் எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், கம்பெனியின் உயர்மட்ட நிர்வாகிகள் முன்னால் நின்று, எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடாகும் என்று எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி விஞ்ஞானிகள் போட்ட கணக்குகளை 2023இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு சரிபார்த்தது. பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி கூடும் என்று சொல்லியிருந்தார்கள். கிட்டத்தட்ட அப்படியேதான் நடந்திருக்கிறது. உலகத்துக்குத் தெரியாத ரகசியம் அவர்களிடம் மட்டும் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரியும், நன்றாகவே தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? 1986இல் நம்ம தூத்துக்குடிக் கரையில் இந்தியாவின் முதல் காற்றாலைகளில் சில எழுந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றில் மின்சாரம் எடுக்க முடியும் என்று இந்தத் தென்கோடி சீமை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. மூன்றே வருஷம் கழித்து, 1989இல், அமெரிக்காவில் எண்ணெய், நிலக்கரி, மோட்டார் கம்பெனிகள் எல்லாம் கூடி 'குளோபல் கிளைமேட் கோயலிஷன்' என்று ஒரு கூட்டணி அமைத்தன. பெயரைக் கேட்டால் பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் மாதிரி இருக்கும். கார்பனுக்குக் கட்டுப்பாடு வராமல் தடுப்பதுதான் அவர்கள் வேலை. 1995இல் அந்தக் கூட்டணிக்குள்ளேயே சுற்றிய ஒரு வரைவில், பூமியைச் சூடாக்கும் பசுமைக்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை உறுதியானது, அதை மறுக்க முடியாது என்று அவர்களுடைய ஆட்களே எழுதியிருக்கிறார்கள். வெளியே பேசியது வேறு.

1998இல் எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டில் கூடி ஒரு செயல்திட்டம் எழுதினார்கள். பருவநிலை அறிவியலில் நிச்சயம் கிடையாது என்று சாதாரணக் குடிமகன் எண்ணத் தொடங்கும்போது நமக்கு வெற்றி என்று அதில் இருக்கிறது. பத்திரிகை கையில் சிக்கியதால் நமக்குத் தெரிந்தது. அண்ணாச்சி, மக்கள் ஆசைதான் காரணம் என்றால், மக்கள் மனதில் சந்தேகத்தை விதைக்க இவ்வளவு பாடு எதற்கு?

1997இல், பணக்கார நாடுகள் கார்பனைக் குறைக்க வேண்டும் என்ற கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. 2001இல் அமெரிக்க அதிபர் புஷ் அதைக் கைவிட்டார். குளோபல் கிளைமேட் கூட்டணியைச் சந்திக்கப் போன வெளியுறவுத் துறை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு பின்னால் வெளியே வந்தது. நீங்கள் கொடுத்த கருத்துகளும் அதிபர் கியோட்டோவை நிராகரிக்க ஒரு காரணம் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும், இதுதான் அந்தக் குறிப்பின் சாரம். இது நான் கட்டிய கதை இல்லை, அரசாங்கக் காகிதம்.

இன்னொரு காகிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிலிப் கூனி என்பவர் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டுக்காகப் பருவநிலை விவகாரத்தில் அரசாங்கத்திடம் ஆதரவு திரட்டியவர், அதாவது லாபியிஸ்ட். படித்தது சட்டம், அறிவியல் இல்லை. அவரைக் கொண்டுபோய் வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் முக்கியப் பொறுப்பில் உட்காரவைத்தார்கள். அரசு விஞ்ஞானிகள் எழுதிய அறிக்கைகள் அச்சுக்குப் போகும் முன்னால் அவர் மேசைக்கு வரும். பேனாவை எடுப்பார். காரணத்தைக் கண்டறிவது கடினம் என்று விஞ்ஞானி எழுதியிருந்தால், 'மிகமிக' என்று முன்னால் சேர்ப்பார். தண்ணீர் கிடைப்பதும் வெள்ளமும் எப்படி மாறும் என்ற பகுதியில், பனிமலைகள் உருகுவதைச் சொன்ன பத்தியையே முழுசாக அடித்துவிட்டார். 2005இல் விஷயம் நியூயார்க் டைம்ஸில் வந்தது, பதவி விலகினார். விலகியவருக்கு உடனே வேலை கொடுத்தது எக்ஸான். தண்ணீரைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் உலகம் படிக்க வேண்டிய வரிகளை இப்படி ஒருவர் உட்கார்ந்து அடித்திருக்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது பைக்கில் பால் வாங்கப் போன நாமா?

எதிரணி அக்கா ஒரு நியாயம் கேட்டார்: "எல்லாத் தொழிலும் அரசாங்கத்திடம் கோரிக்கை வைக்கத்தானே செய்கிறது, அது ஜனநாயக உரிமை இல்லையா?" உரிமைதான். திங்கள்கிழமை காலையில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பீடி சுற்றும் பெண்கள் கூலி உயர்வு கேட்டு மனுவோடு வரிசையில் நிற்பார்கள். மனுவில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், கைநாட்டோ கையெழுத்தோ இருக்கும். கேட்பது இன்னது என்று ஊரறியச் சொல்வார்கள். எண்ணெய் நிறுவனங்களும் அப்படி வந்து நின்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவர்கள் வேறு பெயரில் அமைப்பு வைத்து, வேறொருவர் வாயால் பேசுகிறார்கள். 2021இல் எக்ஸான்மொபிலின், அதாவது பழைய எக்ஸானின், லாபியிஸ்ட் கீத் மெக்காய், ரகசியமாகப் பதிவான ஒரு வீடியோவில், அறிவியலில் ஒரு பகுதியை எதிர்த்துக் கடுமையாக வேலை செய்தோமா என்றால் ஆமாம் என்றார். கார்பன் வரியை ஆதரிக்கிறோம் என்று சொல்வதெல்லாம் பேச்சுக்குத்தான், அது நிறைவேறாது என்று தெரியும் என்றும் சொன்னார். அது எங்கள் நிலைப்பாடு இல்லை என்று நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சரி. அப்படியானால் நடந்ததைப் பார்ப்போம். 2018இல் வாஷிங்டன் மாநிலத்தில் கார்பனுக்குக் கட்டணம் விதிக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. அதைத் தோற்கடிக்க எதிர்த்தரப்பு கொட்டியது 3 கோடி டாலருக்கு மேல். பெரும்பகுதி எண்ணெய் நிறுவனங்களின் பணம். கார்பனுக்கு விலை வேண்டும் என்று மேடைதோறும் பேசிய பி.பி.யே அதில் ஒரு கோடி டாலருக்கு மேல் போட்டது. தீர்மானம் தோற்றது.

நடுவர் அவர்களே, 2023 டிசம்பர் வெள்ளத்தை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம் துபாயில் என்ன நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஐ.நா. பருவநிலை மாநாடு. தலைமை வகித்தவர் சுல்தான் அல் ஜாபர், அபுதாபி அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். உள்ளே போக அனுமதிச் சீட்டு பெற்றிருந்த எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தரப்பு ஆட்கள் 2,456 பேர் என்று தன்னார்வ அமைப்புகள் எண்ணிச் சொன்னார்கள். பிரேசிலையும் அமீரகத்தையும் தவிர வேறெந்த நாட்டுக் குழுவும் அவ்வளவு பெரிதில்லை. மாநாடு டிசம்பர் 13 அன்று முடிந்தது. நாலு நாள் கழித்து நம்ம பக்கம் மழை தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். மனு கொடுக்க நிற்கும் அதே ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள் தாமிரபரணி வந்தது. மீனாட்சிபுரத்திலும் சிந்துபூந்துறையிலும் தண்ணீர் வடிந்த பிறகு ஊறிய அரிசியை அள்ளித் தெருவில் கொட்டினார்கள். ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சான்றிதழையும் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைத்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. பக்கத்து ஊர் மக்கள், தங்கள் வீட்டைச் சுற்றியும் வெள்ளம் நிற்கும்போது, அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள்.

அந்த மழையைக் கொண்டுபோய் ஒரு கம்பெனியின் தலையில் கட்ட நான் வரவில்லை. அறிவியல் அவ்வளவுதூரம் சொல்லவும் இல்லை. அது சொல்வது இது: காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், பெய்தால் கொட்டித் தீர்க்கும். இது முப்பது வருஷத்துக்கு முன்பே தெரியும். அந்த முப்பது வருஷத்தைத்தான் நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்கிறேன்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிப்பாணை போட்டது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இனித் தேவையில்லை. கடலிலும் தேவையில்லை, கரையிலும் தேவையில்லை. உவரிக் கடற்கரையில் வலை வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. மக்கள்தான் காரணம் என்கிறீர்கள், மக்களைக் கேட்கும் இடத்தையோ மூடிவிட்டார்கள்.

நமக்கு மாற ஆசையில்லை என்று எதிரணி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணகுடியிலிருந்து ராதாபுரம் வரை போய்ப் பாருங்கள், வாழைத்தோட்டத்துக்கு நடுவே காற்றாலை நிற்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வழி கிடைத்த இடத்தில் நம் சனம் அதில் நடந்திருக்கிறது.

புகையிலை விஷயத்தில் உலகம் ஒரு முடிவு எடுத்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை ஒப்பந்தம், பிரிவு 5.3இல், சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து அரசுகள் காக்க வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. பருவநிலை மாநாட்டுக்கு இப்படி ஒரு விதி இன்றுவரை இல்லை. யார் யாருக்காக உள்ளே வந்திருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லவைக்க வேண்டும், கொள்கை எழுதும் அறையிலிருந்து எண்ணெய்த் தரப்பை வெளியே உட்காரவைக்க வேண்டும். நடுவர் அவர்கள் எங்கள் அணிக்குத் தீர்ப்புச் சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.