அமெரிக்காவில் சொந்தத் துப்பாக்கியை இன்னொருவருக்கு நேரடியாக விற்கலாமா?

[காட்சி: வாகன நிறுத்துமிடம். அருகருகே இரண்டு கார்கள்.]

டெக்சஸில் ஒரு வாகன நிறுத்துமிடம். ஒருவர் காரின் டிக்கியைத் திறந்து பழைய ரைஃபிள் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். வாங்க வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். படிவம் இல்லை, கையெழுத்து இல்லை, யாரும் யாருக்கும் போன் போடவில்லை. இது சட்டப்படி சரியா?

சரியாக இருக்கலாம். ஆனால் இதே காட்சி கலிபோர்னியாவில் நடந்தால் குற்றம். டெக்சஸிலேயே நடந்தாலும், வாங்கியவர் பக்கத்து மாநிலமான ஒக்லஹோமாவில் குடியிருப்பவர் என்றால் அதுவும் குற்றம்தான். துப்பாக்கி ஒன்றே, பணமும் ஒன்றே. எது மாறுகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1963இல் அதிபர் கென்னடியைக் கொன்ற ரைஃபிள் சிகாகோவில் இருந்த ஒரு கடையிலிருந்து, பொய்ப் பெயரில், தபால் வழியாக வாங்கப்பட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் ஃபெடரல் (மத்திய அரசின்) லைசென்ஸ் வைத்திருந்தே ஆக வேண்டும் என்பதை அந்தச் சட்டம் இறுக்கியது. 1981இல் அதிபர் ரீகன் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டடிபட்டார். அவர் பெயரிலான சட்டம் 1993இல் நிறைவேறியது. அதன்படி 1998 நவம்பரில், எஃப்.பி.ஐ. நடத்தும் 'நிக்ஸ்' என்ற பின்னணிச் சோதனை முறை தொடங்கியது. வாங்குபவருக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை.

இந்தச் சோதனைக் கடமை லைசென்ஸ் உள்ள டீலருக்குத்தான். தன்னிடம் இருக்கும் துப்பாக்கியை எப்போதாவது விற்கும் சாதாரண ஆளை ஃபெடரல் சட்டம் அந்தக் கடமைக்குள் கொண்டுவரவில்லை. அவராகவே நிக்ஸுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்று நினைத்தாலும் முடியாது, அந்த வழி டீலர்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது.

'கன் ஷோ லூப்ஹோல்', அதாவது துப்பாக்கிக் கண்காட்சியில் சோதனை இல்லாமல் வாங்க வழிவிடும் ஓட்டை, என்று செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் ஆட்களைக் குழப்புகிறது என்பது என் கருத்து. துப்பாக்கிக் கண்காட்சியில் கடை போட்டிருக்கும் டீலரும் சோதனை செய்தே ஆக வேண்டும். லைசென்ஸ் இல்லாத தனிநபருக்கு ஃபெடரல் சட்டப்படி கண்காட்சியிலும் அந்தக் கடமை இல்லை, வீட்டு வாசலிலும் இல்லை. விற்பது யார் என்பதுதான் இங்கே கேள்வி, எங்கே விற்கிறார் என்பதல்ல.

அப்படியானால் எத்தனை விற்றால் ஒருவர் 'தொழில் செய்பவர்' ஆகிறார்? சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை. சொந்தச் சேகரிப்பை விற்கலாம், எப்போதாவது ஒன்று விற்கலாம். ஆனால் முக்கியமாக லாபத்துக்காக, வாங்குவதும் விற்பதுமாகத் தொடர்ந்து இருந்தால் லைசென்ஸ் தேவை. 2022இல் வந்த சட்டத் திருத்தம் இந்த வரையறையை இன்னும் விரிவாக்கியது. முன்பு 'பிழைப்புக்காகவும் லாபத்துக்காகவும்' என்று இருந்தது. இப்போது லாப நோக்கம் மேலோங்கியிருந்தாலே போதும்.

2019 ஆகஸ்ட் 31ஆம் தேதி டெக்சஸின் மிட்லண்ட், ஒடெஸா நகரங்களில் ஒருவன் காரில் போய்க்கொண்டே சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். அவன் 2014இல் கடையில் துப்பாக்கி வாங்கப் போனபோது பின்னணிச் சோதனையில் நிராகரிக்கப்பட்டவன். பிறகு ஒரு தனிநபரிடம் வாங்கிக்கொண்டான். விசாரணையில் அந்த விற்பனையாளர் லைசென்ஸ் இல்லாமல் வியாபாரமாகவே விற்றுவந்தது தெரிந்தது. அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. கடையில் மூடிய கதவு வெளியே திறந்திருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

[காட்சி: வாங்குபவரின் நிழலுருவம், அதைச் சுற்றிக் கேள்விக்குறிகள்.]

சோதனைக் கடமை இல்லை என்பதால், யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று அர்த்தமில்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தோ ஒருவருக்கு விற்றால் 15 ஆண்டுகள் வரை சிறை. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டவர், சட்டவிரோதப் போதைப்பொருள் பழக்கம் உள்ளவர், தலைமறைவுக் குற்றவாளி என்று அந்தத் தடைப் பட்டியல் நீளும்.

அமெரிக்காவில் வேலை செய்யும், படிக்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்களும் பொதுவாக அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. க்ரீன் கார்டு உள்ளவருக்கு ஃபெடரல் சட்டத்தில் இந்தத் தடை இல்லை. நண்பர்தானே, நல்ல மனிதர்தானே என்று விசாவில் இருப்பவருக்கு விற்றால் இரண்டு பேருமே மாட்டிக்கொள்வீர்கள். தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வயதையும் பார்க்க வேண்டும். டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். தனிநபர் விற்பனையில், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கைத்துப்பாக்கி விற்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது.

அடுத்தது மாநில எல்லை. வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்கு நேரடியாக விற்கவே கூடாது, டீலர் வழியாகத்தான் போக வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் அந்த டீலர் வாங்குபவரின் மாநிலத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். உயில் வழியாகவோ வாரிசு உரிமையாகவோ வருவதற்கு விலக்கு உண்டு. ஆனால் உயிரோடு இருக்கும் அப்பா வேறு மாநிலத்தில் இருக்கும் மகனுக்குப் பரிசாகக் கொடுப்பது அந்த விலக்கில் வராது. நிறையப் பேர் தெரியாமல் தவறு செய்வது இங்கேதான்.

இதற்கு மேல் மாநிலச் சட்டங்கள். கலிபோர்னியாவில் 1991 முதல் தனிநபர் விற்பனையும் டீலர் வழியாகத்தான், பத்து நாள் காத்திருக்கவும் வேண்டும். கொலராடோவும் நியூயார்க்கும் 2013இல் இதேபோலத் தனிநபர் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கின. வாஷிங்டன் மாநிலத்தில் 2014இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். டெக்சஸ், அரிசோனா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் அந்தக் கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லாத மாநிலத்திலும் நீங்களாக விரும்பி டீலரிடம் போகலாம். முன்பின் தெரியாதவருக்கு விற்பதென்றால், நான் வேறு வழியைச் சொல்லவே மாட்டேன். இருவரும் சேர்ந்து கடைக்குப் போகிறீர்கள். வாங்குபவர் அடையாள அட்டையைக் காட்டி 4473 என்ற படிவத்தை நிரப்புகிறார். டீலர் நிக்ஸில் சரிபார்க்கிறார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். டீலர் ஒரு கட்டணம் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும். சோதனை முடியும் வரை கடையிலேயே இருங்கள். வாங்குபவர் நிராகரிக்கப்பட்டால் உங்கள் துப்பாக்கியை நீங்கள் எடுத்துக்கொண்டு திரும்பலாம். டீலரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தால் அது அவருடைய பதிவேட்டில் ஏறிவிடும். அப்புறம் உங்கள் சொந்தத் துப்பாக்கியைத் திரும்பப் பெற நீங்களே படிவம் நிரப்பி, சோதனையில் தேற வேண்டியிருக்கும்.

[காட்சி: வரிசை எண் பொறித்த உலோகப் பகுதி, மிக அருகில்.]

நேரடியாகவே விற்கிறீர்கள் என்றால், சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு ரசீது எழுதுங்கள். காரணம் இதுதான். குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) மையம் வரிசை எண்ணை வைத்துத் தேடும். தயாரிப்பாளர், மொத்த விற்பனையாளர், கடை, கடையில் முதலில் வாங்கியவர். அத்தோடு தடம் பெரும்பாலும் நின்றுவிடும். நாடு முழுவதற்குமான உரிமையாளர் பதிவேடு கிடையாது, 1986ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஒன்றை உருவாக்குவதைத் தடுக்கிறது. எனவே கடையில் முதலில் வாங்கியவர் நீங்கள் என்றால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் புலனாய்வாளர்கள் வந்து தட்டுவார்கள். ரசீதில் இருக்க வேண்டியவை: தேதி, வரிசை எண், வாங்குபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், இரண்டு பேரின் கையெழுத்து. பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்படி அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.