மாட்டு மருந்து மூன்றாம் அட்டவணைக்குப் போன கதை

நேயர்களுக்கு வணக்கம். போதைப்பொருள் சட்டத்தைப் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞரையோ காவல்துறை அதிகாரியையோ கூப்பிடாமல், ஒரு கால்நடை மருத்துவனைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் தன் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் சேர்த்த மருந்து ஒன்று எங்கள் பையில் சாதாரணமாகக் கிடக்கிற மருந்து. அதன் பெயர் சைலசின்.

மாட்டுக்குக் குளம்பில் சிகிச்சை செய்ய வேண்டும், நாய்க்குத் தையல் போட வேண்டும், குதிரையை ஆடாமல் நிறுத்த வேண்டும் என்றால் இதைத்தான் எடுப்போம். வழி தவறி ஊருக்குள் வந்துவிட்ட காட்டு யானையைப் பிடிக்கும் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கியில் வைத்துச் சுடுகிற அந்த மயக்க ஊசியில் பெரும்பாலும் இருப்பது சைலசின்தான், தனியாகவோ கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்தோடு சேர்த்தோ. இதில் ஒரு விசித்திரம் உண்டு. உருவத்தில் பெரிதாகத் தெரியும் மாடு இந்த மருந்துக்கு ரொம்பவும் பலவீனம். குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு போதும், மாடு படுத்துவிடும். எங்கள் படிப்பில் அளவு தவறக்கூடாத மருந்து என்று அழுத்திச் சொல்லிக் கொடுக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று.

1962இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இதை உருவாக்கியது. மனிதர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக ஆகுமா என்று பார்த்தார்கள். ஆனால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கியது, ஆளும் மயங்கிக் கிடந்தார். சரி, மனிதர்களுக்கு ஆகாது என்று விட்டுவிட்டு விலங்குகளுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் 1972 முதல் விலங்குகளுக்கு மட்டும் அனுமதி. பல ஆண்டுகள் யாரும் இதைப் போதைப்பொருளாக நினைக்கவில்லை. அதனால் அப்போது போதைப்பொருள் அட்டவணை எதிலும் இதன் பெயர் இருக்கவில்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புவெர்ட்டோ ரிக்கோ தீவில், ஹெராயின் ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் இது தலைகாட்டியது. குதிரை மயக்க மருந்து என்றே அங்கே பெயர். அங்கிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது. அந்த நகரத்தின் வடக்கில் கென்சிங்டன் என்று ஒரு பகுதி. மேம்பால ரயில் ஓடுகிற தெரு, ஒரு காலத்தில் துணி ஆலைகள் நிறைந்த தொழிலாளர் பேட்டை, இப்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையிலேயே பெரிய போதைச் சந்தைகளில் ஒன்று. அங்கே ஹெராயினை, ‘ஃபென்டனில்’ என்ற செயற்கைப் போதைமருந்து துரத்தியது. ஃபென்டனிலின் வீரியம் பெரிது, ஆனால் சீக்கிரம் இறங்கிவிடும். வாங்கியவன் சில மணி நேரத்தில் மறுபடியும் தவிப்பான். அதில் சைலசினைக் கலந்தால் மயக்கம் நீளும், பழைய ஹெராயின் மாதிரி இருக்கும். விற்பவனுக்கு இன்னொரு லாபம், விலை. சீனாவிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் சைலசின் தூள் கிலோ 6 முதல் 20 டாலர் என்று அமெரிக்க போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. 2022இல் எழுதியது. கிலோவுக்கு! கலப்படக்காரனுக்கு இதைவிட மலிவான சரக்கு கிடைக்குமா? 2021இல் ஃபிலடெல்ஃபியா நகரச் சுகாதாரத் துறை தெருச் சரக்கை வாங்கிச் சோதித்தபோது 90 சதவீதத்துக்கும் மேலான மாதிரிகளில் சைலசின் இருந்தது. தெருவில் அதன் பெயர் ட்ராங்க்.

வாங்குபவர்களில் பலருக்கு இது வேண்டவே வேண்டாம். வேறு சரக்கு கிடைக்காததால் வாங்கினார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைலசின், ஹெராயினும் ஃபென்டனிலும் அடங்கிய ஓபியாய்டு வகையைச் சேர்ந்ததில்லை. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் குறைத்து, இதயத்தை மெதுவாக்கி, ஆளைத் தூக்கத்தில் தள்ளுகிற மருந்து. ஃபென்டனில் அளவு மீறியவரை எழுப்ப நலோக்சோன் கொடுப்பார்கள். அது சைலசினிடம் வேலை செய்யாது. (கலவையில் ஃபென்டனில் இருக்கும் என்பதால் நலோக்சோனைக் கொடுக்கத்தான் வேண்டும். மூச்சு திரும்பினால் போதும், கண் விழிக்கவில்லையே என்று மேலும் மேலும் கொடுக்க வேண்டியதில்லை.) யானைக்கும் மாட்டுக்கும் மயக்கம் தெளிவிக்க எங்களிடம் யோஹிம்பின், அட்டிபமிசோல் என்று மாற்று மருந்துகள் உண்டு. மனிதர்களுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட ஒன்று கிடையாது. விலங்குக்கு இருக்கிற மாற்று மருந்து மனிதனுக்கு இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் புண்கள். ஊசி குத்திய இடத்தில் மட்டும் வந்தால் புரிந்துகொள்ளலாம். குத்தாத இடத்திலும், கையிலும் காலிலும், தோல் கருத்து, சதை செத்து, எலும்பு வரை போகிற புண்கள் வந்தன. ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இருக்கலாம் என்கிறார்கள். முழுக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை. சிலருக்குக் கையையோ காலையோ எடுக்க வேண்டியதாயிற்று. மருந்து நின்றால் தவிப்பு தாங்காது என்று பலர் மருத்துவமனைக்கே போகாமல் இருந்ததால் புண் முற்றியது. 2022இல் ஃபிலடெல்ஃபியாவில் மட்டும் போதை மருந்து அளவு மீறி இறந்தவர்கள் 1,413 பேர். எல்லாவற்றுக்கும் சைலசின்தான் காரணம் என்று சொல்லவில்லை. முதல் குற்றவாளி ஃபென்டனில்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் இப்படிப்பட்ட பட்டியல் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு அடுக்கு. கூட்டாட்சி அரசுக்கு 1970ஆம் ஆண்டின் சட்டம், அதில் ஐந்து அட்டவணைகள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதே சாயலில் தனிச் சட்டம். முதல் அட்டவணையில் ஹெராயின், அதாவது மருத்துவப் பயனே இல்லை என்று அரசு கருதுவது. இரண்டாவதில் மார்ஃபின், ஃபென்டனில். மூன்றாவதில் கெட்டமின். நான்காவதில் டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள். ஐந்தாவதில் கொஞ்சம் கோடீன் கலந்த இருமல் மருந்து. வாஷிங்டன் அசையாதபோது மாநிலம் தன் அட்டவணையில் தானே எழுதிக்கொள்ளலாம்.

வாஷிங்டன் மெதுவாகத்தான் அசைந்தது. 2023 ஏப்ரல் 12 அன்று வெள்ளை மாளிகையின் போதைக் கொள்கை இயக்குநராக இருந்த, இந்தியாவில் பிறந்த மருத்துவர் ராகுல் குப்தா, சைலசின் கலந்த ஃபென்டனிலை உருவாகிவரும் அச்சுறுத்தல் என்று அறிவித்தார். ஒரு பொருளுக்கு அந்த முத்திரை விழுந்தது அதுதான் முதல் முறை. நாடாளுமன்றத்தில் மசோதாவும் வந்தது, சைலசினை மூன்றாம் அட்டவணையில் வைக்கச் சொல்லி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே அதை ஆதரித்தது. ஆனால் மாநிலங்கள் காத்திருக்கவில்லை. ஒஹையோ ஆளுநர் மைக் டிவைன் 2023 மார்ச் மாதமே அவசர ஆணையில் கையெழுத்திட்டு மூன்றாம் அட்டவணைக்கு வழி செய்தார். மேற்கு வர்ஜீனியா நான்காவதில் போட்டது. ஃபுளோரிடாவோ 2016லேயே முதல் அட்டவணையில், ஹெராயினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது.

ஒரே மருந்து, மூன்று மாநிலம், மூன்று படி. எங்கே வைப்பது என்பதில் வேதியியல் கொஞ்சம், பயம் கொஞ்சம், யார் குரல் அவையில் கேட்டது என்பது நிறைய. முதல் அட்டவணை என்றால் பயனற்றது என்று பொருள். தினமும் மாட்டுத் தொழுவத்தில் பயன்படுகிற மருந்தைப் பற்றி அப்படி எழுதினால், கூடவே விலங்கு மருத்துவத்துக்கு விலக்கு எழுத வேண்டும். அந்த விலக்கில் ஒரு வரி பிசகினால் பால் பண்ணைக்காரன் கட்டப்போவது கோர்ட் செலவு.

பென்சில்வேனியா இந்த விஷயத்தில் நிதானமாக நடந்தது என்று நினைக்கிறேன். அந்த மாநிலத்தின் 1972ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து என்றால் சட்டமன்றத்துக்குக் காத்திராமல் ஒரு பொருளைத் தற்காலிகமாக அட்டவணையில் சேர்க்க சுகாதாரத் துறைச் செயலாளருக்கு அதிகாரம் தருகிறது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஜோஷ் ஷபிரோ அறிவித்தார், பொறுப்புச் செயலாளர் டெப்ரா போகன் நடவடிக்கையைத் தொடங்கினார், ஜூன் மாதம் சைலசின் மூன்றாம் அட்டவணைக்குள் வந்தது. கால்நடை மருத்துவரும் விவசாயியும் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும், எவ்வளவு வந்தது எவ்வளவு போனது என்று கணக்கு எழுத வேண்டும். தற்காலிக ஏற்பாட்டை 2024 மே மாதம் சட்டமன்றம் நிரந்தரச் சட்டமாக்கி, ஆளுநரும் கையெழுத்திட்டார்.

பூட்டும் கணக்கும் வந்தால் எங்கள் தொழில் நின்றுவிடும் என்று புலம்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் சொல்வது கெட்டமினைப் பாருங்கள் என்பதுதான். அமெரிக்காவில் 1999 முதல் அது மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. இந்தியாவில் 2011இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். காகித வேலை கூடியது உண்மை, சிறு ஊர் மருத்துவருக்கு எரிச்சலும் உண்மை. ஆனால் அறுவை சிகிச்சை நிற்கவில்லை, யானை பிடிப்பதும் நிற்கவில்லை.

என் சந்தேகம் வேறு. கிலோ 20 டாலருக்குத் தூளாகக் கப்பலில் வருகிற சரக்கை, பண்ணையில் இருக்கிற 50 மில்லி பாட்டிலைப் பூட்டி எப்படித் தடுப்பது? இது பின்வாசலில் வெள்ளம் வரும்போது முன்வாசலுக்குத் தாழ்ப்பாள் போடுகிற வேலை. சட்டத்தால் பயனே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். அட்டவணையில் இல்லாத தூளை மூட்டையாகப் பிடித்தாலும் போலீசால் அதற்கென்று வழக்குப் போட முடியாது. வழக்குக்கு உதவாத பொருளைத் தேடிச் சோதித்து எழுதிவைக்க ஆய்வகத்துக்கும் கட்டாயம் இல்லை. அட்டவணையில் ஏறியதும் பொருளுக்கு ஒரு பெயரும் கணக்கும் கிடைத்துவிடுகிறது. மொத்த வியாபாரியைப் பிடிக்க அது உதவும். ஆனால் அதே சட்டத்தை வைத்துக்கொண்டு, தனக்கே தெரியாமல் சைலசின் கலந்த பொட்டலத்தை வாங்கியவனைப் புண்ணோடு சிறைக்கு அனுப்பினால், அதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். நிரந்தரச் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்ட அதே 2024 மே மாதம், ஃபிலடெல்ஃபியா சுகாதாரத் துறை இன்னொரு எச்சரிக்கையை வெளியிட்டது. தெருச் சரக்கில் மெடிடோமிடின் வந்துவிட்டது. இதுவும் எங்கள் துறை மருந்து, நாய்க்கும் பூனைக்கும் போடுவது, சைலசினின் அதே வகை, வீரியம் பல மடங்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரத்தில் சோதித்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் மெடிடோமிடின் இருந்தது. சைலசின் விறுவிறுவெனக் குறைந்தது.

சட்டம் வந்ததால்தான் மாறினார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கலப்படக்காரர்களின் கணக்கு நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெயரைப் பட்டியலில் நிரந்தரமாக ஏற்ற ஓராண்டுக்கு மேல் ஆகிறது, பெயரை மாற்ற அவர்களுக்குச் சில வாரம் போதும்.

ஒவ்வொரு பெயராகத் துரத்துவதை விட்டு அந்த வகை முழுவதையும் தடை செய்தால் என்ன? ஃபென்டனிலை ஒத்த பொருள்களை அமெரிக்க அரசு அப்படித்தான் 2018இல் தற்காலிகமாகவும் 2025இல் நிரந்தரமாகவும் மொத்தமாக முதல் அட்டவணையில் வைத்தது. இங்கே அது நடக்காது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் குளோனிடின் இதே வகை. கண் அழுத்த நோய்க்கான பிரிமோனிடின் சொட்டு மருந்து, தசைப்பிடிப்புக்கு நம்மூர் மருந்துக்கடையிலும் கிடைக்கிற டிசானிடின் மாத்திரை, எல்லாம் இதே வகை. மெடிடோமிடினின் ஒரு பாதியான டெக்ஸ்மெடிடோமிடின் இல்லாமல் இன்றைக்குப் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஓடாது. வகை முழுவதற்கும் பூட்டுப் போட்டால் முதலில் மாட்டிக்கொள்வது நோயாளி.

மெடிடோமிடின் வந்தபின் புண்களைவிடப் பெரிய தலைவலியாக ஆனது அதை நிறுத்தும்போது வரும் தவிப்பு. சில மணி நேரத்திலேயே வாந்தி, நடுக்கம், தாறுமாறாக எகிறும் ரத்த அழுத்தம், வேகமான இதயத் துடிப்பு. ஓபியாய்டு தவிப்புக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துக்கு இது அடங்கவில்லை. பலரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டியிருந்தது. அங்கே டாக்டர்கள் கையில் எடுத்த மருந்துகளில் முக்கியமானது எது தெரியுமா? அதே டெக்ஸ்மெடிடோமிடின்தான். சொட்டுச் சொட்டாக ஏற்றி, மெல்லமெல்லக் குறைத்து, ஆளை இறக்கிவிடுகிறார்கள்.

பென்சில்வேனியா 2022இல் ஃபென்டனில் சோதனைத் தாளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதுவரை அந்தத் தாளை வைத்திருப்பதே போதைக் கருவி வைத்திருந்த குற்றம். வாங்கியதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள ஒருவனுக்கு வழி செய்த அந்தச் சிறிய திருத்தத்தை, அட்டவணையில் பெயர் ஏற்றிய சட்டத்தைவிட நான் மேலாக மதிக்கிறேன். தெருச் சரக்கை வாராவாரம் சோதித்து, புதிதாக எது வந்திருக்கிறது என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லும் ஆய்வகத்துக்கும், கென்சிங்டன் நடைபாதையிலேயே புண்ணைக் கழுவிக் கட்டுப்போடும் செவிலியர்களுக்கும் பணம் ஒதுக்கினால் அதன் பலன் உடனே தெரியும். ஆரம்பத்திலேயே கழுவி, ஈரம் காயாமல் கட்டி வந்தால் அந்தப் புண்கள் ஆறுகின்றன, காலை எடுக்க வேண்டியதில்லை. வணக்கம்.