கடைக் கல்லாவும் பி பாரமும்

[காட்சி: பினாங்கு, லெபோ பாசார். காலையில் இரும்புக் கதவைத் தூக்கித் திறக்கும் ஒரு மளிகைக் கடை.]

குரல்: வணக்கம். மலேசியாவில் சிறு வணிகர் ஒருவர், பி பாரம் என்னும் வருமான வரிப் படிவத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி என்று பார்ப்போம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், தனி ஒருவர் பெயரில் எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தின் பதிவோடு நடக்கும் ஒரு மளிகைக் கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 240,000 ரிங்கிட். விற்ற சரக்கின் கொள்முதல் 150,000. கடை வாடகை, பணியாளர் சம்பளம், அவருக்கான ஊழியர் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, மின்கட்டணம் யாவும் சேர்ந்து 45,000. கடைக்காரர் மாதந்தோறும் கல்லாவிலிருந்து தமக்கென்று 3,000 ரிங்கிட் எடுக்கிறார். அதையும் சம்பளச் செலவாகக் கழித்துவிட்டு, இலாபம் 9,000தான் என்று மனக்கணக்குப் போடுகிறார்.

சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. தனியுரிமை வணிகத்தில் கடையும் கடைக்காரரும் ஒருவரே என்பதால், அவர் தமக்குத் தாமே சம்பளம் கொடுத்துக்கொள்ள இயலாது. எடுத்த 36,000 ரிங்கிட்டும் இலாபத்திலிருந்து எடுத்த சொந்தப் பற்றாகவே கொள்ளப்படும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், வருமானத்தை ஈட்டுவதற்கென்றே முழுமையாகச் செய்த செலவைத்தான் கழிக்க இடம் தருகிறது. ஆகவே இலாபம் 45,000. தீபாவளிக்குக் கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் பருப்பும் எண்ணெயும்கூடச் சந்தை விலைக்கு வருமானத்தில் சேர்க்கப்பட வேண்டியவை. கேட்டால் சிரிப்பு வரலாம். சட்டத்தில் உள்ளது அதுதான்.

[காட்சி: திரையில் கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது.]

வீட்டுச் சரக்கை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, வரியைப் போட்டுப் பார்ப்போம். 45,000 ரிங்கிட்டிலிருந்து தனிநபர் வரிச்சலுகை 9,000 கழிந்தால், வரிக்குரிய வருமானம் 36,000. முதல் 5,000க்கு வரி இல்லை. அடுத்த 15,000க்கு 1 விழுக்காடு, அதற்கடுத்த 15,000க்கு 3 விழுக்காடு, எஞ்சிய 1,000க்கு 6 விழுக்காடு. மொத்தம் 660 ரிங்கிட்.

இதே கடைக்காரர் டிசம்பர் 31க்குள் தம் சொந்தச் சேமநிதிக் கணக்கில் 4,000 ரிங்கிட் செலுத்தியிருந்தால், அது கடைச் செலவாகாது என்றாலும் தனிநபர் சலுகையாகக் கழியும். வரிக்குரிய வருமானம் 32,000 ஆகி, வரி 510 ரிங்கிட்டாக இறங்கும். வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் தள்ளுபடியும் உண்டு என்பதால், கட்ட வேண்டியது 110 ரிங்கிட் மட்டுமே. முதுமைக்கென்று சேர்த்த பணம் அவருடையதாகவே இருக்க, வரியில் 550 ரிங்கிட் குறைகிறது. வரிவீதத்தைக் குறைசொல்வோர் பலர். டிசம்பரில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போர் சிலரே.

சம்பளக்காரர்களின் பிஇ பாரத்துக்கு ஏப்ரல் 30 கெடு. வணிக வருமானம் உள்ளவர்களின் பி பாரத்துக்கு ஜூன் 30. இணையவழி அனுப்புவோருக்கு ஜூலை 15 வரை அவகாசம் தரப்பட்டு வருகிறது. விற்பனை, சேவை வரி இந்த மளிகைக் கடையைத் தொடாது. உணவகம் நடத்துவோரோ, 12 மாத விற்பனை 1.5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டுகிறதா என்று கவனித்துக்கொள்ள வேண்டும்.

[காட்சி: கடிதப் பெட்டியில் ஓர் உறை.]

வணிகம் வளர்ந்தவர்களுக்கு வருமான வரி வாரியத்திலிருந்து சிபி500 என்னும் அறிவிப்பு வரும். மார்ச் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆறு தவணைகளாக முன்கூட்டியே வரி கட்டச் சொல்லும் கடிதம் அது. முந்தைய வருமானத்தை வைத்தே தொகை முடிவாவதால், இவ்வாண்டு வியாபாரம் படுத்துவிட்டால் சுமை கூடுதலாகத் தெரியும். அப்போது தவணையை நிறுத்திவிடாமல், ஜூன் 30க்குள் சிபி502 வழியாகத் தொகையைத் திருத்தக் கேட்கலாம். கேட்காமல் கட்டாமலும் இருந்தால், கட்டாத தவணைமீது 10 விழுக்காடு ஏறும்.

கணக்கேடுகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வழவழப்பான வெப்பத்தாளில் அச்சான ரசீதின் எழுத்து அவ்வளவு காலம் நிற்காது. ஆகையால் வாங்கிய அன்றே அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, மாதவாரியாகச் சேமித்து வையுங்கள்.