ஜிமிக்கியைக் கழட்டச் சொன்ன வசனம்

மக்களே, வணக்கம். இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் பேசப் போறேன். போன வாரம் பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கம் சித்தி பொண்ணு கல்யாணம். நம்ம சேனல் பாக்குறவங்களுக்குத் தெரியும், ஜிமிக்கி இல்லாம நான் கேமரா முன்னாடி உக்கார மாட்டேன். நாங்க சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை; சித்தி வீடு பெந்தெகொஸ்தே சபை. வாசல்லயே ஒரு அக்கா, "சிஸ்டர், நகையைக் கழட்டிட்டு உள்ள வாங்க"ன்னுட்டாங்க. சித்தி முகத்துக்காகப் பேசாம கழட்டினேன்.

கழட்டும்போது திருகாணி ஒண்ணு நழுவி வாஷ்பேசின் ஓட்டைக்குள்ள போயிருச்சு! மறுநாள் ஜூவல்லர்ஸ் ஸ்ட்ரீட்ல கேட்டா, ஒத்தையா தர மாட்டாங்களாம், ஜோடியாத்தான் வாங்கணுமாம். மிளகு சைஸ்கூட இல்லாத சாமான். செய்கூலி, சேதாரம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, எல்லாம் சேத்து 4,200 ரூபா. நாலு கடை ஏறி இறங்கினேன், ஒருத்தரும் நூறு ரூபா குறைக்கல. பில்லை இன்னும் பர்ஸ்லயே வெச்சிருக்கேன், பாருங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அன்னிக்குப் பாஸ்டர் பைபிள்லருந்து எடுத்த வசனம் 1 பேதுரு 3:3. உங்க அலங்காரம் இதுவா இருக்க வேண்டாம்னு அந்த ஒரே வசனத்துல மூணு விஷயம் இருக்கு: மயிரைப் பின்னுறது, பொன் நகை, உயர்ந்த வஸ்திரம். அங்க இருந்த பொண்ணுங்க எல்லாருமே சடை பின்னியிருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுல பாதிப் பேர் பட்டு. நகையை மட்டும் சட்டமாக்கிட்டு மத்த ரெண்டையும் விட்டுட்டா எப்படி? எங்க சபையில இதையே அடுத்த வசனத்தோட சேத்துப் படிப்பாங்க. சாந்தமும் அமைதலும் உள்ள ஆவிதான் அலங்காரம், நகையை நம்பி நிக்காதேன்னு அர்த்தம் எடுப்பாங்க. கத்தோலிக்கரும் ஏறக்குறைய அப்படித்தான். அதனாலதான் ரெண்டு பக்கமும் தாலியை ஜெபிச்சே கட்டுறாங்க.

ஆங், சொல்ல விட்டுட்டேன், அன்னிக்கு அங்க தாலியே கிடையாது. பைபிளை மாத்திக்கிட்டாங்க, கையைச் சேத்து வெச்சு ஜெபிச்சாங்க, முடிஞ்சுது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. எங்க மாடி வீட்டு மலையாளி ஆன்ட்டி சிரியன் கிறிஸ்டியன். அவங்க மின்னு, அதாவது அவங்க தாலி, கோக்குறதுக்கு மந்திரகோடிங்கற கல்யாணப் புடவையிலருந்தே ஏழு நூல் உருவுவாங்க. ஒரே வேதத்தைக் கையில வெச்சுக்கிட்டு எத்தனை விதம் பாருங்க!

ராத்திரி சித்திகிட்ட நேராவே கேட்டேன். அவங்க பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமத்துல 35-ம் அதிகாரத்தைக் காட்டினாங்க. யாக்கோபு வீட்டார் அந்நிய தெய்வங்களோட காதணிகளையும் கொடுத்துட, அவர் எல்லாத்தையும் மரத்தடியில புதைச்சுட்டார். நான் அதே ஆதியாகமத்துல 24-ஐத் திருப்பினேன். ரெபெக்காளுக்கு ஆபிரகாமோட ஊழியக்காரன் கொடுத்தது அரைச் சேக்கல் (அந்தக் காலத்து எடை) பொன் காதணி, பத்துச் சேக்கல்ல ரெண்டு கடகம். ரெண்டு பேரும் பைபிளைத் தொட்டுத்தான் பேசினோம். அப்புறம் எப்படி ஒருத்தருக்கு மட்டும் விசுவாசம் குறைவுன்னு ஆகும்?

ஆனா எங்க ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பெந்தெகொஸ்தேக்காரங்களை "அல்லேலூயா கூட்டம்"னு கிண்டல் பண்றது எனக்கு அறவே பிடிக்காது. நகை வேண்டாங்கறது இவங்க நேத்து கண்டுபிடிச்சது இல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1743-லயே பொன்னும் விலையுயர்ந்த உடுப்பும் வேண்டாம்னு விதி எழுதினவர். அவர் போதனையிலருந்து பிறந்த, பரிசுத்தமா வாழணும்னு வலியுறுத்தின பரிசுத்த இயக்கத்து வழியில வந்ததுதான் இவங்க பழக்கம். அதுல ஒரு பெரிய நல்லது இருக்கு. சித்தி பக்கத்துல உக்காந்திருந்தவங்க வீட்டு வேலை செய்றவங்க, அதுக்கு அடுத்த சீட்ல ஒரு டாக்டரம்மா. ரெண்டு பேர் கழுத்தும் ஒரே மாதிரி. எத்தனை பவுன்னு ஒருத்தரும் கண்ணால எடை போடல. எங்க கல்யாணங்கள்ல அதுதானே முதல் வேலை?

அதனால சித்தி நகை போடாததை நான் மனசார மதிக்கிறேன். அது அவங்களா எடுத்த முடிவு. வாசல்ல நின்னு விருந்தாளி காதைப் பாத்து இரட்சிப்பை அளக்குறதைத்தான் ஏத்துக்க முடியல. வேதத்துல அப்படி ஒரு வேலை யாருக்கும் கொடுக்கல.

உங்க சபையில இதை எப்படிச் சொல்றாங்க, எந்த வசனத்தை வெச்சு? கீழ எழுதுங்க, வசன எண்ணோட எழுதுங்க. சண்டை போடறவங்களும் எண்ணைப் போட்டுட்டுச் சண்டை போடுங்க, நான் எல்லாத்தையும் எடுத்துப் படிப்பேன்.